பழகி முடியாத கைகள்

1961இல் நாடாளுமன்றம் இயற்றிய அப்ரெண்டிஸ் சட்டத்தைத் தமிழில் தொழிற்பழகுநர் சட்டம் என்கிறோம். நல்ல சொல். தொழிலோடு பழகுகிறவர், பழகப் பழகக் கைவரப்பெறுகிறவர். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞருக்கு அந்தச் சட்டம் நான்கை உறுதிசெய்தது: பதிவுசெய்யப்பட்ட ஒப்பந்தம், பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை, அந்தக் காலத்துக்கு ஒரு முடிவு, முடிவில் தேர்வும் சான்றிதழும். வேலை நிச்சயம் என்று அது சொல்லவில்லை. ஆனால், ‘இவர் பழகிவிட்டார்’ என்று ஒருநாள் அறிவிப்பதற்கு அதில் வழி இருந்தது.

பேறு பார்ப்பதும், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிவிடுவதும் பழகித்தான் வரும். ஆனால் இவற்றைச் செய்யும் பெண்ணைத் தொழிற்பழகுநர் என்று யாரும் எண்ணுவதில்லை. பெண்ணாய்ப் பிறந்தாலே வந்துவிடுகிற குணம் என்று சொல்லிவிடுகிறோம். குணத்துக்கு எதற்குக் கூலி? நம் அரசுகள் நூறாண்டுகளாகப் பெண்களுக்குக் கொடுத்துவரும் பராமரிப்புப் பயிற்சிகளின் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது. கள்ளக்குறிச்சியிலும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையிலும் நின்று அந்த வரலாற்றைப் பார்க்கலாம்.

மருத்துவச்சி என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். மருத்துவன் என்பதன் பெண்பால் அது. மருத்துவம் செய்யும் எந்தப் பெண்ணையும் குறித்திருக்க வேண்டிய சொல், வழக்கில் பேறு பார்ப்பவரோடு நின்றுவிட்டது. பட்டம் பெற்ற பெண்கள் வந்தபோது ஊர் அவர்களை ‘லேடி டாக்டர்’ என்றது. மருத்துவச்சி என்று கூப்பிட்டிருந்தால் அது மரியாதைக் குறைவாகியிருக்கும். காரணம் சாதி. சமவெளிக் கிராமங்களில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். தீட்டு என்று மற்றவர்கள் விலகி நின்ற உதிரத்தையும் நஞ்சுக்கொடியையும் கையில் எடுத்தவர்கள் அவர்கள். மாமியாரோடு போய் விளக்குப் பிடித்து, வெந்நீர் வைத்து, வயிற்றைத் தொட்டுப் பிள்ளையின் தலை எங்கே என்று அறிந்து, பல பிரசவங்களுக்குப் பிறகு தனியே போகத் துணிந்தவர்கள். தொழிற்பழகுநர் முறை என்றால் இதுதான். ஏட்டில் மட்டும் அது ஏறவில்லை.

ஏட்டில் ஏறியபோது அந்தப் பெண்கள் வெளியே நின்றார்கள். 1885இல் டஃபரின் நிதி பெண்களுக்கான மருத்துவ உதவியைத் தொடங்கியது. 1903இல் கர்சன் சீமாட்டியின் முயற்சியில் உருவான விக்டோரியா நினைவு நிதி, நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்க முனைந்தது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், பேறுகாலப் பணியாளர்களைப் பதிவுசெய்யச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே காதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ வெளிவந்தது. அதில் மருத்துவச்சி அழுக்கின், அறியாமையின் உருவமாகவே வருகிறார். பேறுகாலத்தில் தாய்மார்கள் செத்தது உண்மை, கிருமித்தொற்று உண்மை. ஆனால் பஞ்சத்தையும், பால்ய மணத்தையும், மருத்துவமனை இல்லாத நாட்டையும் விட்டுவிட்டுப் பழி முழுவதும் ஒரு கிழவியின் கைகள்மீது விழுந்தது.

மலைக்கு இந்த ஏடுகள் எவையும் எளிதில் ஏறவில்லை. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் வாழ்ந்தவர்கள். ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பது கடமையாக இருந்தது. 1963இலேயே இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தபோதும், மலை அரசின் கைக்கு முழுமையாக வந்தது 1976இல்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு.

அடுத்த ஆண்டு, 1977இல், நாடு தழுவிய கிராம சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அதன் ஒரு பகுதி தாயி பயிற்சி. பேறு பார்ப்பவரைக் குறிக்கும் இந்த வடநாட்டுச் சொல், நம் காதில் பெற்றவளைக் கூப்பிடுவதுபோல விழும். பயிற்சி 30 வேலைநாட்கள். வாரத்தில் இரண்டு நாள் சுகாதார நிலையத்தில் பாடம், மற்ற நான்கு நாள் பெண் சுகாதாரப் பணியாளரோடு கிராமங்களுக்குப் போக வேண்டும். அவர் மேற்பார்வையில் குறைந்தது இரண்டு பிரசவமாவது பார்த்துக் காட்ட வேண்டும். உதவித்தொகை 300 ரூபாய். முடிவில் ஒரு சான்றிதழும் பேறுகாலக் கருவிப் பெட்டியும். பிறகு, பதிவுசெய்யப்பட்ட ஒவ்வொரு பிரசவத்துக்கும் 10 ரூபாய்.

அமைப்பைப் பார்த்தால் இது அசலான தொழிற்பழகுநர் பயிற்சி. கை, படுக்கும் இடம், தொப்புள்கொடியை அறுக்கும் பிளேடு, கட்டும் நூல், அறுத்த முனை ஆகிய ஐந்தும் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பாடம் உயிர்களைக் காத்தது. ஆனால் இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஊரின் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர். இன்னொருவர் பத்தாம் வகுப்பும் பதினெட்டு மாதப் படிப்பும் முடித்து வந்த இளம்பெண். அனுபவம் முதலாமவரிடம், கையொப்பம் இரண்டாமவரிடம். அரசு இவர்களுக்கு நடுவே ஒரு படிக்கட்டைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. 30 நாள் முடிந்தபின் தாயி ஏறிப்போக மேலே ஒரு படியும் இல்லை. தமிழ்நாட்டில் பிரசவங்கள் மருத்துவமனைக்கு மாறின. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99 சதவீதத்துக்கும் மேல். தாய்மார்களுக்கு இது பெரிய நன்மை. மருத்துவச்சி மட்டும் ஓய்வூதியமோ நன்றியோ இல்லாமல் வரலாற்றிலிருந்து இறங்கிப்போனார்.

அவர் போனபின்பும் அந்த முறை போகவில்லை. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடிப் பணியாளரை மதிப்பூதியம் பெறும் சேவையாளர் என்றது. அவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. தமிழ்நாட்டில் அவர்கள் பெறும் சிறப்புக் காலமுறை ஊதியம் சாலையில் அமர்ந்து போராடிய பெண்களின் வெற்றி. 2005க்குப் பிறகு ஆஷா வந்தார். தமிழகத்தில் இவர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளுக்கே நியமிக்கப்பட்டார்கள். முதலாண்டில் ஐந்து சுற்றுகளாக 23 நாள் பயிற்சி, அதன்பின் மேலும் சில சுற்றுகள். பிறந்த பிள்ளையைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குப் போக வேண்டும். ஆறு முறையும் போனால் மொத்தம் 250 ரூபாய். சமவெளியில் அது ஆறு தெருக்கள் நடப்பது. மலையிலோ ஏற்றமும் இறக்கமும் ஓடையும் தாண்டி ஆறு நடைகள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது அளித்தது. விருதுக்குப் பிறகும் அவர் பெயர் தன்னார்வலர்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் குழுக்களிலிருந்து வந்து வீடுவீடாய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்ணும் தன்னார்வலரே.

இந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம்: உதவித்தொகை, ஊக்கத்தொகை, மதிப்பூதியம். தொழிற்பழகுநருக்கு உதவித்தொகை ஓரிரு ஆண்டுகள். பராமரிப்புப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு அது ஆயுள் முழுவதும். அவர் பழகிக்கொண்டே இருக்கிறார். ‘பழகிவிட்டார்’ என்று யாரும் கையொப்பம் போடுவதில்லை. போட்டால் கூலி கொடுக்க வேண்டிவரும். ஜாகிர்தாருக்குச் செய்த வெட்டி வேலைக்குக் கடமை என்று பெயர். இதற்குச் சேவை என்று பெயர். இரண்டும் ஒன்றல்ல, முன்னதில் மறுத்தால் தண்டனை. ஆனால் உழைப்பின் விலையை ஒரு நல்ல சொல்லுக்குள் ஒளித்துவைக்கும் வித்தை இரண்டிலும் ஒன்றுதான்.

வேறு வழி இல்லாமலில்லை. இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பில் தொழிற்பழகுநராகச் சேர்பவர் முதல் நாளிலிருந்தே ஊழியர். அவருக்கு ஒப்பந்தமும் குறைந்தபட்சக் கூலியும் உண்டு. ஒரு நிலை முடித்து அடுத்த நிலைக்குப் போகலாம். அங்கும் கூலி குறைவுதான், ஆனாலும் படிகள் இருக்கின்றன. நம் நாட்டிலேயே சில மாநிலங்கள் ஏஎன்எம் படிப்பில் ஆஷாக்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கின்றன.

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், 2022 முதல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அந்தக் கல்லூரிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஒரு படிக்கட்டு கட்ட முடியும். மலையில் பத்தாண்டு நடந்த ஆஷாவின் அனுபவத்தை மதிப்பெண்ணாகக் கணக்கிட்டு, கூலியோடு பயிற்றுவித்து, செவிலியராகவோ பராமரிப்புப் பணியாளராகவோ ஆக்கலாம். 1961இல் கடைசல் பட்டறைக்குக் கொடுத்ததைத்தான் கேட்கிறோம்: ஒப்பந்தம், தொகை, முடிவுள்ள காலம், மேலே ஏற ஒரு சான்றிதழ். அதுவரை, சேவை என்று மேடையில் யாராவது நம்மைப் பாராட்டும்போது, அதற்கு எவ்வளவு கூலி என்று எழுந்து கேட்போம்.