போர்க்களத்துத் தந்தியும் தோழரிடை ஐயமும்

யுத்த சரித்திரங்களைப் படிக்குங்கால் நாம் பெரும்பாலும் சேனாதிபதிகளின் பெயர்களையும், பிடிபட்ட கோட்டைகளையும், மாண்டோர் தொகையையுமே மனத்திற் கொள்ளுகின்றோம். ஒரு படைப்பிரிவின் நிலையை மற்றொரு படைப்பிரிவு அறிதற்பொருட்டுக் காட்டிலும் சேற்றிலும் தந்திக் கம்பி இழுத்துச் சென்றவர்களை நாம் நினைப்பதில்லை. அவர்கள் வரலாற்றில் நம் சங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தினரும் ஊன்றி நோக்கத்தக்கதொரு பாடம் உளதாகலின், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் நிகழ்ந்த சில செய்திகளை இவ்வியாசத்தில் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

அடிமை வியாபாரத்தையும் அடிமை வாழ்வையும் விடாது பற்றிநின்ற தென் மாகாணங்கள் ஐக்கிய நாட்டினின்றும் பிரிந்து போகவே, 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டில் யுத்தம் மூண்டது. நான்காண்டுகள் நடந்த அப்போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் உயிர் துறந்தனர். மின்சாரத் தந்தியை மிகப் பெரிய அளவிற் கையாண்ட முதல் யுத்தங்களுள் அதுவும் ஒன்று. வட மாகாணத்தாரின் இராணுவத் தந்தி இலாகா ஒன்றே சுமார் 15,000 மைல் கம்பி போட்டதென்றால் அவ்வேலையின் பெருமை சொல்லாமலே விளங்கும்.

எனினும், அவ்வேலையைச் செய்யப் புகுந்தோர் ஒருவரல்லர், இருவர். அங்கேதான் ஐயத்திற்கு வித்து விழுந்தது.

முதலாமவர் ஆல்பெர்ட் மையர் என்னும் சேனை வைத்தியர். செவிடரும் ஊமையருமானோர்க்குப் புதியதொரு சைகை மொழியை வகுத்து, அதனையே தம் வைத்தியப் பட்டத்துக்குரிய ஆராய்ச்சியாக எழுதியவர். பகலிற் கொடியும் இரவிற் பந்தமும் அசைத்துச் செய்தி விடுக்கும் முறையைச் சேனைக்கு அமைத்துத் தந்து, 1860-இல் சேனையின் முதற் சமிக்ஞை அதிகாரியாக நியமனம் பெற்றார். இரண்டாமவர் ஆன்சன் ஸ்டேகர். பெரியதொரு தந்திக் கம்பெனியில் மேலதிகாரியாக இருந்தவர். இவருக்குக் கீழ் அமைந்த இராணுவத் தந்தி இலாகாவில் வேலை செய்தோர், பெரும்பாலும் சிப்பாய்கள் அல்லர். சம்பளத்துக்கு அமர்ந்த சாதாரணக் குடிகள். இருபது வயது நிரம்பாத இளைஞர் பலர் அவருள் இருந்தனர். அவர்கள் போர்க்களத்திற் சேனாதிபதிகளின் பக்கத்தில் இருந்து தொழில் புரிந்தனரேனும், சேனாதிபதிகளுக்கு அடங்கியவரல்லர். தலைநகரிலிருந்த யுத்த மந்திரி ஸ்டான்டனுக்கே அடங்கியவர்.

1862 பிப்ரவரியில் நாட்டின் தந்திகள் யாவும் அரசாங்கத்தின் இராணுவ ஆதிக்கத்துள் வந்தன. மந்திரியின் காரியாலயத்திலேயே தந்தி நிலையமும் அமைந்தது. அவ்வாண்டு ஜூன் 28-ஆம் தேதி, ரிச்மண்ட் நகரின் அருகே தோல்வியுற்ற சேனாதிபதி மக்ளெல்லன் நள்ளிரவில் மந்திரிக்கு ஒரு தந்தி அனுப்பினார். அதன் இறுதியில், இச்சேனையைத் தாம் காப்பாற்றினால் அதற்காக வாஷிங்டனிலுள்ள எவர்க்கும் தாம் நன்றிக்கடன் பட்டவரல்லர் என்றும், இச்சேனையைப் பலியிடவே மந்திரி தம்மால் இயன்றதையெல்லாம் செய்தார் என்றும் எழுதினார். தந்திகளை மேற்பார்த்த சான்போர்டு என்பவர் இக்கடுமொழிகளைக் கண்டு திடுக்கிட்டு, அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதை மாத்திரமே மந்திரியிடம் சேர்ப்பித்தார். அக்கணத்தில் அஃது ஒரு பெரும் பூசலைத் தடுத்திருக்கலாம். ஆயினும், ஒருவர் மற்றொருவருக்கு எழுதிய சொல்லை இடையில் நிற்பவர் வெட்டிவிடக்கூடும் என்னும் நிலை வந்தபின், எந்தச் செய்தியைத்தான் முழுமையாக நம்புவது?

இது நிற்க, மையரும் வாளா இருந்தாரல்லர். பியர்ட்ஸ்லி என்பார் இயற்றிய புதுக்கருவியைத் தம் படையினர்க்கு வாங்கினார். அதற்குத் திராவகக் கலங்கள் வேண்டா; கைப்பிடியைச் சுழற்றினாலே மின்சாரம் உண்டாகும். மோர்ஸ் சங்கேதம் பயிலாத சிப்பாயும் எழுத்துக்கள் பொறித்த வட்டத் தகட்டில் முள்ளைத் திருப்பிச் செய்தி அனுப்பலாம். கருவியும் கம்பியும் கம்பங்களும் வண்டிகளில் ஏற்றப்பட்டுச் சேனையோடு சென்றன. 1862 டிசம்பரில் பிரடரிக்ஸ்பர்க் போரில் அவை ஓரளவு நன்கு பயன்பட்டன. ஆனால் அக்கருவியின் சக்தி சில மைல் தூரத்துக்கு மேற் செல்லாது, இருபுறத்து முட்களும் ஒத்துச் சுழலாவிடின் செய்தி பிழைபடும், வேகமும் குறைவு. 1863 மே மாதத் தொடக்கத்தில் சான்ஸ்லர்ஸ்வில் போரின்போது, ராப்பஹானக் ஆற்றைக் கடந்து சென்ற சேனாதிபதி ஹூக்கருக்கும் பின்னே நின்ற தலைமை நிலையத்துக்கும் இடையே இக்கம்பி நீண்ட தூரத்தையும் செய்திப் பெருக்கத்தையும் தாங்கமாட்டாது தவறியது. ஸ்டேகரின் ஆட்கள் வந்து அவ்விடத்தில் தம் கருவியை வைத்தனர். அப்போரில் வடவர் தோற்றமைக்குக் காரணங்கள் பல; தந்தி ஒன்றையே குறை கூறுதல் நியாயமன்று. ஆயினும், ஒரே சேனைக்கு இரண்டு தந்தி இலாகாக்கள், ஒன்றையொன்று கடைக்கண்ணால் நோக்கிக்கொண்டு, ஒரே ஆற்றங்கரையில் நின்றன என்பது மாத்திரம் உண்மை.

தம் குறையை உணர்ந்த மையர், தேர்ந்த மோர்ஸ் தொழிலாளர் வேண்டுமென்று மந்திரியின் அநுமதி பெறாமலே பத்திரிகையில் விளம்பரம் செய்தார். தம் ஆட்களைக் கவரும் சூழ்ச்சி இதுவென ஸ்டேகர் முறையிட்டார். 1863 நவம்பரில் மையர் பதவியினின்று நீக்கப்பட்டு மெம்பிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அவருடைய தந்தி வண்டிகள் யாவும் ஸ்டேகரிடம் ஒப்புவிக்கப்பட்டன. சேனையின் தந்தி சேனையாரிடமே இருக்கவேண்டும் என்ற மையர் கொள்கை பிழையன்று. தொழில் தெரிந்தவரிடமே தொழில் இருக்கவேண்டும் என்ற ஸ்டேகர் கொள்கையும் பிழையன்று. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசியிருப்பின் இரண்டும் ஒன்றாகியிருக்கும். அவர்கள் பேசவில்லை, மனுக்கள் பேசின.

இனி, ஐயம் எளியோனை எங்ஙனம் வாட்டும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். இரகசியச் செய்திகளை அனுப்பும் குழூஉக்குறியை ஸ்டேகர் இலாகாத் தொழிலாளர் மாத்திரமே அறியலாம். சேனாதிபதியும் அறியலாகாது என்பது யுத்த மந்திரியின் விதி. 1864-இன் தொடக்கத்தில் சேனாதிபதி கிராண்ட், நாக்ஸ்வில் நகருக்குச் சென்ற பிரயாணத்தை முன்னிட்டு, அக்குறியின் திறவுகோலைத் தம் நம்பிக்கைக்குரிய காம்ஸ்டாக் என்னும் அதிகாரியிடம் கொடுக்குமாறு தம் தந்தித் தொழிலாளர் பெக்வித்துக்கு ஆணையிட்டார். அவர் மறுத்தார். கொடுத்தால் வாஷிங்டன் தண்டிக்கும். கொடாவிட்டால் கிராண்ட் தண்டிப்பார். மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பது இதுவே. தண்டனை அருகில் இருப்பதை உணர்ந்து இறுதியில் அவர் இணங்கினார். செய்தி தலைநகருக்கு எட்டியதும் அவரை வேலையினின்று நீக்க உத்தரவு பிறந்தது. அப்பொழுது கிராண்ட் செய்த காரியம் போற்றற்குரியது. அவர் தம் ஆணைக்கே கீழ்ப்படிந்தாரென்றும், தண்டிப்பதாயின் தம்மையே தண்டிக்கவேண்டுமென்றும் எழுதி, அத்தொழிலாளரை மீட்டுக்கொண்டார். யுத்தம் முடியுமளவும் பெக்வித் கிராண்டின் அருகிலேயே இருந்தார்.

அதே ஆண்டு மே மாதத்தில் கிராண்டின் சேனை வர்ஜீனியாக் காடுகளுட் புகுந்தபோது கம்பி போட்ட விதத்தை அவரே தம் சரித்திரத்தில் விரிவாக எழுதியுள்ளார். உறை போட்ட கம்பி, சுருளொன்றுக்கு 200 ராத்தல் நிறையாக உருளைகளிற் சுற்றப்பட்டிருக்கும். ஒரு கோவேறு கழுதையின் பொதிச்சேணத்தின்மேல், உருளை தடையின்றிச் சுழலும்படி ஒரு சட்டத்தில் அதனை ஏற்றுவர். உருளைக்கு இருவர் துணை. படை தங்கியவுடன், கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கழுதையை நடத்த, கம்பி தானே அவிழ்ந்து தரையில் விழும். பின்வருவோர் அதனைக் கூடாரக்கால் போன்ற மெல்லிய கம்பங்களின் நுனியில் உள்ள இருப்பு முளையில் மாட்டி உயர்த்துவர். தம் வண்டிகளும் பீரங்கிகளுமே அதனை மிதித்து அறுத்துவிடாமைப்பொருட்டு. கழுதை தன் சுருளின் தூரம் நடக்கும் நேரத்துக்குச் சற்று மேலான பொழுதுக்குள் எல்லாத் தலைமை நிலையங்களும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். இவ்வேலைக்கு ஆணை பிறப்பிக்கவேண்டிய அவசியமே நேர்ந்ததில்லை என்கிறார் கிராண்ட். ஒவ்வொரு கழுதையும் ஒரு படைக்கு உரியது. ஒவ்வொரு தொழிலாளரும் ஒரு நிலையத்துக்கு உரியவர். விசேஷ உத்தரவின்றி மாற்றம் இல்லை. நெடுநாட் பழகிய முகங்களிடையே ஐயத்துக்கு இடமில்லை என்பதே இதன் இரகசியம் என எண்ணுகின்றோம்.

யுத்தம் முடிந்தது. ஸ்டேகரின் இலாகா கலைக்கப்பட்டது. மையர் மீண்டும் பதவி பெற்றார். போர்க்களத் தந்தியும் 1867-இல் அவர் இலாகாவுக்கே திரும்பியது. பெரியோர் இருவரும் வாழ்ந்தனர். ஆயின், கம்பி இழுத்தவர் கதி யாது? குண்டுபட்டும், நோயுற்றும், சிறைப்பட்டும் துன்புற்ற தந்தித் தொழிலாளர், சிப்பாய்கள் அல்லர் என்ற காரணத்தால், அவர்க்கேனும் அவர்தம் விதவையர்க்கேனும் உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்து 32 ஆண்டுகள் கழிந்தபின், 1897-இல், அமெரிக்கச் சட்டசபை அவர்களுக்கு நற்சான்றுப் பத்திரம் வழங்கியது, பணம் வழங்கவில்லை. மேலோர் ஐயத்தின் கடனைக் கீழோர் செலுத்தினர்.

ஆராயாமல் ஒருவரைத் தெளிதலும், தெளிந்தபின் அவரை ஐயுறுதலும் நீங்காத் துன்பம் தரும் என்பது திருவள்ளுவர் அறிவுறுத்தும் நீதி. ஒரு குடும்பத்தின் பெட்டிச் சாவியாயினும், ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகமாயினும், அதனை ஒருவரிடம் கொடுக்குமுன் நன்கு ஆராய்வோம். கொடுத்தபின் மறைவில் முணுமுணுக்காது, ஐயமுண்டாயின் நேரிற் கேட்போம். தவறு நேர்ந்தால், ஆணையிட்டவரே அதனைத் தம் தலைமேல் ஏற்கக் கற்றுக்கொள்வோம். கம்பியைக் கழுதையும் இழுத்துச் செல்லும். நம்பிக்கையை மனிதரே சுமந்து செல்லவேண்டும்.