விலைபோகாத இசைத்தட்டுகள்: வட இங்கிலாந்தின் சோல் இசைச் சேகரிப்பாளர் பற்றிய ஒரு நோக்கு

இசைத்தட்டுத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் விற்பனைப் பட்டியல்களை ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தப் பாடல் எத்தனையாம் இடத்தைப் பெற்றது, எத்தனை வாரம் அவ்விடத்தில் நின்றது என்னும் செய்திகள் வரலாற்றாசிரியனுக்கு எளிதிற் கிடைப்பவை. ஆனால் வெளியிடப்பட்ட இசைத்தட்டுகளிற் பெரும்பங்கு எந்தப் பட்டியலிலும் ஏறாதவை. அவற்றைப் பாடியோர், இசையமைத்தோர், வாத்தியம் வாசித்தோர் ஆகியோரின் உழைப்பு வெற்றிபெற்றோரின் உழைப்பிலும் குறைந்ததன்று. எனினும், விற்காத பண்டத்துக்குச் சந்தையில் வரலாறு இல்லை. அத்தகைய பண்டத்துக்கு ஒரு வரலாற்றைச் சந்தைக்கு வெளியேயிருந்த இரசிகர் தேடிக்கொடுத்த ஒரு சந்தர்ப்பம் பற்றியும், அவ்வாறு தேடிக்கொடுத்தவர்கள் எதைப் பாதுகாத்தனர், எதை மறைத்தனர் என்பது பற்றியும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1959ஆம் ஆண்டில் பெரி கோர்டி என்பார் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் தொடங்கிய நிறுவனமே பின்னர் மோட்டவுண் என உலகப்புகழ் பெற்றது. கறுப்பின மக்களின் தேவாலய இசை, புளூஸ் ஆகியவற்றின் வழிவந்த சோல் இசையை, வெள்ளையினத்து இளைஞரும் விரும்பி வாங்கத்தக்க பொப் பாடலாக வார்த்தெடுத்தமை அந்நிறுவனத்தின் சாதனை எனலாம். 1964ஆம் ஆண்டளவில் அதன் வெற்றி ஐயத்துக்கிடமற்றதாயிற்று. வெற்றியைக் கண்டோர் அதனைப் பின்பற்ற விழைந்தனர். டெட்ரோயிட்டில் மட்டுமன்றிச் சிக்காகோ, பிலடெல்பியா, லொஸ் ஏஞ்சல்ஸ் முதலிய நகரங்களிலும் சிறு நிறுவனங்கள் பல தோன்றின. ஓரிரு ஒலிப்பதிவுகளுடன் மறைந்தவையும் அவற்றுள் உண்டு. டெட்ரோயிட்டின் கோல்டன் வேர்ல்ட், ரிக்-டிக் போன்றவை ஓரளவு நிலைத்து நின்றன. மோட்டவுணில் ஊதியம்பெற்ற வாத்தியக்காரரே இரவிற் களவாக இவ்விடங்களுக்கும் சென்று வாசித்தனர் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆகவே இத்தட்டுகளின் தோல்விக்குத் தரக்குறைவு எப்போதும் காரணமன்று. விநியோக வசதியின்மையும், வானொலி நிலையங்களைச் சென்றடையப் பணமின்மையுமே பல தட்டுகளைக் களஞ்சியங்களில் முடக்கின. கோல்டன் வேர்ல்ட் நிறுவனத்தையும் ஈற்றில் மோட்டவுணே விலைக்கு வாங்கிற்று. 1967 யூலையில் டெட்ரோயிட்டிலே 43 உயிர்களைக் காவுகொண்ட எழுச்சி நிகழ்ந்தது. அக்காலத்தையொட்டிக் கறுப்பின இளைஞரின் இசைச்சுவையும் பங்க் எனும் வேறொரு தாளத்தை நாடத் தொடங்கியது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த தட்டு அமெரிக்காவிற் பழங்குப்பையாயிற்று.

அதே தட்டு அத்திலாந்திக்குக்கு அப்பால், இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களில், புதுமை மிக்கதாய் விளங்கியது. மன்செஸ்டரில் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ட்விஸ்டட் வீல் என்னும் கழகத்தில் சனிக்கிழமை இரவு முழுவதும் நடனமாடும் வழக்கம் வேரூன்றியது. அங்கு கூடியோரிற் பெரும்பாலார் ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்த வெள்ளையின இளைஞர். விரைந்த தாளமும் உருக்கமான குரலும் கொண்ட 1960களின் நடுப்பகுதிப் பாடல்களையே அவர்கள் நாடினர். இலண்டனிலோ நாகரிகம் மாறிவிட்டது. அங்கு சோல் சிற்றி என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்தியவர் டேவ் கோடின் என்பார். பிரித்தானியாவில் மோட்டவுண் இரசிகர் சங்கத்தை உருவாக்கியவரும் அவரே. உதைபந்தாட்டப் போட்டிகளைக் காண வடக்கிலிருந்து இலண்டனுக்கு வந்த இளைஞர் தமது கடையிற் புதிய தட்டுகளைப் புறக்கணித்துப் பழையவற்றையே கேட்பதைக் கண்ட கோடின், அவர்கள் வேண்டும் இசைக்கு 'வடக்கத்திச் சோல்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1970இல் புளூஸ் அன்ட் சோல் என்ற சஞ்சிகையில் அவர் எழுதிய பத்தியின் மூலம் அப்பெயர் நிலைபெற்றது. பாடகரெல்லாம் அமெரிக்கராயிருக்க, ஓர் இசைவகை அதனைக் கேட்போரின் திசையாற் பெயர்பெற்றமை விந்தையே. படைத்தோரைவிட நுகர்ந்தோரே முதன்மைபெறும் போக்கு இப்பெயரிலேயே தொடங்கிவிடுகிறது என்று கருத இடமுண்டு.

ட்விஸ்டட் வீல் 1971இல் மூடப்பட்டது. இரவு முழுவதும் விழித்தாடுவதற்கு இளைஞர் சிலர் உட்கொண்ட ஊக்கமாத்திரைகள் பொலிசாரின் கவனத்தை ஈர்த்தமையும் அதற்கொரு காரணம். ஸ்டோக் நகரையடுத்த டன்ஸ்டலின் டோர்ச், பிளக்பூலின் மெக்கா என்பன அதன் இடத்தைப் பெற்றன. 1973 செப்டெம்பர் 23ஆம் நாள் அதிகாலையில், நிலக்கரிக்கும் பருத்திக்கும் பேர்போன விகன் நகரின் கசினோ மண்டபத்தில் இரவு நடனம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டின் ஆரம்பத்திலே பிரித்தானிய அரசு மின்சாரத்தைச் சேமிக்க வாரத்தில் மூன்று நாள் வேலைமுறையை அமுல்செய்தது. இத்தகைய நெருக்கடிக் காலத்தில் ஒரு தொழிலாளி தன் வாரக் கூலியின் பெரும்பகுதியை ஏழு அங்குல இசைத்தட்டொன்றுக்குக் கொடுப்பானாயின், அதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட முடியாது.

இங்கு ஒரு பொருளாதார முரண்பாடு அடங்கியுள்ளது. நடனமாடுவோர் வாரந்தோறும் புதிய பாடலை எதிர்பார்ப்பர். ஆனால் அவர்கள் விரும்பும் பாடல்களோ ஏறத்தாழ 1964க்கும் 1968க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் மட்டும் உருவாக்கப்பட்டவை. அவற்றை இனி உற்பத்தி செய்ய முடியாது, தேடியெடுக்கவே முடியும். இத்தேவையே சேகரிப்பாளனை உருவாக்கியது. அமெரிக்கக் களஞ்சியங்கள், பழம்பொருட் கடைகள், மூடப்பட்ட இசைத்தட்டு நிலையங்கள் ஆகியன துருவியாராயப்பட்டன. பிளக்பூல் மெக்காவில் இசைத்தட்டுகளைத் தெரிந்து ஒலிக்கவிட்ட டீ.ஜே. இயன் லெவின், தம் குடும்பத்தினர் விடுமுறையைக் கழித்த மயாமி நகரிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளைத் திரட்டிவந்தார். கசினோவில் நடனம் நிகழ்கையில் மண்டபத்தின் வேறொரு பக்கத்திலே பெட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு விற்போரும், வாங்குவோரும், விவாதிப்போரும் விடியும்வரை நின்றனர்.

அவ்விவாதங்களைக் குறைத்து மதிப்பிடல் தகாது. ஏட்டின் எழுத்தமைதி கொண்டு சுவடியின் காலத்தைக் கணிக்கும் பதிப்பாசிரியரைப் போல, இவர்கள் தட்டின் உடலையே சான்றாகக் கொண்டு வாசித்தனர். லேபலின் நிறம், எழுத்துரு, நிறுவன முகவரி ஆகியன ஒருபுறம். பாடல் முடிந்தபின் லேபலைச் சூழ எஞ்சும் வெற்றுவட்டத்திற் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கங்கள் மறுபுறம். லொஸ் ஏஞ்சல்ஸின் மொனாக் ஆலையில் உருவான தட்டுகளில் ஒரு சிறு முக்கோணத்தையடுத்து வரிசை எண் காணப்படும். அவ்வெண்ணைக் கொண்டு தட்டு உருவான காலத்தை மிக நெருக்கமாகக் கணிக்கலாம். இலக்கம் பொறியால் அழுத்தப்பட்டதா, கையாற் கீறப்பட்டதா என்பதிலிருந்து மூலத்தையும் போலியையும் பலவேளை பிரித்தறிந்தனர். பாடலாசிரியர், தயாரிப்பாளர் ஆகியோரின் பெயர்களை ஒப்புநோக்கி, வெவ்வேறு பெயர்களில் வெளிவந்த தட்டுகளின் பின்னால் ஒரே குழுவினர் நின்றதைக் காட்டினர். எந்தப் பல்கலைக்கழகமும் ஈடுபடாத காலத்தில் ஆலைத்தொழிலாளரும் எழுதுவினைஞரும் திரட்டிய இத்தரவுகளே, டெட்ரோயிட், சிக்காகோ நகரங்களின் சிறு நிறுவனங்கள் பற்றிப் பின்னர் எழுதப்பட்ட வரலாறுகளுக்கு அடிப்படையாயின.

ஆயின் இவ்வறிவு பொதுவுடைமையாக இருக்கவில்லை. ஒரு டீ.ஜே.யின் மதிப்பு, பிறரிடம் இல்லாத தட்டு தம்மிடம் இருப்பதிலேயே தங்கியிருந்தது. எனவே, அரிய தட்டொன்று கிடைத்ததும் லேபலின்மேல் வேறு தாளை ஒட்டி, பாடகரின் பெயரையும் பாடலின் பெயரையும் மாற்றி அறிவிக்கும் வழக்கம் தோன்றியது. இதற்கு முன்னோடி யமேக்காவிலே உண்டு. 1950களில் கிங்ஸ்டன் நகரின் ஒலிபெருக்கிக் குழுக்களிடையே நிலவிய போட்டியில், கொக்சன் டொட் என்பார் வில்லிஸ் ஜக்சனின் தட்டொன்றின் பெயரை அழித்துவிட்டு, 'கொக்சன் ஹொப்' எனத் தம் பெயரையே அதற்குச் சூட்டிப் போட்டியாளரை ஏய்த்தார். யமேக்காவில் இது வறியவரிடையே நிகழ்ந்த தொழிற்போட்டி. வட இங்கிலாந்திலோ இதன் விளைவு வேறு. முதலிற் சந்தை ஒரு பாடகரை மறந்தது. இப்போது அவரை மீட்டெடுத்தவரே அவருடைய பெயரை மறைத்தார். நூற்றுக்கணக்கானோர் ஒரு குரலுக்கு மெய்ம்மறந்து ஆடினர். அக்குரலுக்குரியவர் யாரென அவர்கள் அறியார். தமக்கு இத்தகைய இரசிகர் உளரென்பதை அவரும் அறியார். இதனை விளையாட்டாகக் கருதி நகைச்சுவையுடன் நினைவுகூருவோர் இன்றும் உளர். என்னால் அவ்வாறு கொள்ள முடியவில்லை.

மறைப்பு நிகழும் இடத்திற் போலிகளும் பெருகும். ஒரு பாடலுக்கு விகனில் வரவேற்புக் கிடைத்ததும், உரிமையற்றோர் அதன் பிரதிகளை உருவாக்கி விற்றனர். நூறு பவுண் கொடுக்க முடியாத இளைஞனுக்கு அப்பிரதி ஒரு வரப்பிரசாதம் என்பதையும் மறுத்தல் கூடாது. எனினும் பாடியவருக்கு அதிலிருந்து ஒரு பென்சும் சேரவில்லை. பெரிய நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. பை நிறுவனம் டிஸ்கோ டிமான்ட் என்னும் லேபலைத் தொடங்கியது. 1975இல் விகனின் பெயரைத் தாங்கிய குழுக்களின் தட்டுகள் விற்பனைப் பட்டியலில் ஏறின. ஆழ்ந்த இரசிகர் அவற்றை வெறுத்தனர். அதே ஆண்டுகளில் பிளக்பூலார் 1970களின் புதிய தட்டுகளையும் ஏற்க, விகனார் பழையவற்றையே பற்றிநின்றமையாற் பெரும்பிளவும் ஏற்பட்டது. அச்சச்சரவு விரித்துரைக்கத்தக்கதன்று.

உரிமைப்பணம் பற்றிய வினாவுக்கு 'டெயின்டட் லவ்' என்னும் பாடல் தெளிவான எடுத்துக்காட்டாகும். எட் கொப் எழுதிய இதனை 1964இல் குளோரியா ஜோன்ஸ் பாடினார். மறுபக்கப் பாடலாக வெளிவந்த அது எப்பட்டியலிலும் இடம்பெறவில்லை. வடக்கத்தி மண்டபங்களில் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. 1981இல் சொப்ட் செல் குழுவினர் அதனை மீளப்பாடிப் பிரித்தானியப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றனர். பதிப்புரிமைச் சட்டத்தின்படி, மீளப்பாடப்பட்ட பாடலின் வருமானத்திற் பங்கு அதனை எழுதியவருக்கு உண்டு; முதன்முதலிற் பாடியவருக்கு இல்லை. இரசிகர் காதலித்ததோ குளோரியா ஜோன்ஸின் குரலை. சட்டம் அக்குரலை ஒரு சொத்தாகக் கணிக்கவில்லை.

இவற்றுக்கு மாறான போக்குகளும் இருந்தன. மேஜர் லான்ஸ் போன்ற பாடகர் இங்கிலாந்துக்கு வந்து, தாயகத்தில் இழந்த அவையினரைக் கண்டனர். டோர்ச் கழகத்தில் அவர் பாடிய நிகழ்ச்சி ஒலிப்பதிவாகவும் வெளிவந்தது. 1982இல் ஏஸ் நிறுவனம் தொடங்கிய கென்ட் லேபல், உரிமையாளரிடம் முறைப்படி அனுமதிபெற்றுப் பழம் பாடல்களை வெளியிட்டது. உறையின் பின்புறத்திற் பாடகரின் வரலாற்றைச் சேகரிப்பாளரே எழுதினர். நிறுவனக் களஞ்சியங்களில் ஒருபோதும் வெளிவராத ஒலிநாடாக்களும் அவர்களாற் கண்டெடுக்கப்பட்டன. மறைத்துவைத்த அறிவு அச்சேறிய இக்கட்டத்தையே இவ்வியக்கத்தின் உயர்ந்த பேறாக நான் மதிக்கிறேன். நடன இரவுகளை இழந்தோர் இதற்கு உடன்படமாட்டார்.

பிராங் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' என்னும் தட்டின் கதையில் மேற்கூறியன யாவும் ஒருங்கே காணப்படுகின்றன. 1965இல் மோட்டவுணின் கிளை லேபலான சோலுக்காக அவர் அதனைப் பாடினார். வானொலி நிலையங்களுக்கென முன்கூட்டி உருவாக்கப்பட்ட பிரதிகளும் பின்னர் அழிக்கப்பட்டன. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே தப்பின. வில்சன் பாடுவதை விட்டுத் தயாரிப்பாளராகி, சுப்ரீம்ஸ், எடி கென்ட்ரிக்ஸ் முதலியோருக்கு வெற்றிப்பாடல்களை உருவாக்கினார். பின்னர் மோட்டவுணிலிருந்து விலகிக் கிறித்தவப் போதகரானார். 1970களின் பிற்பகுதியில் அத்தட்டு இங்கிலாந்தை அடைந்தபோது, எடி பொஸ்டர் என்னும் வேறொரு பாடகரின் பெயரில் அது ஒலிபரப்பப்பட்டது. அப்பெயரிலேயே போலிப்பிரதியும் வெளிவந்தது. உண்மை வெளிப்பட்டபின் 1979இல் மோட்டவுண் நிறுவனம் பிரித்தானியாவில் அதனை முறையாக வெளியிட்டது. 1981 டிசெம்பர் 6ஆம் நாள் விகன் கசினோ மூடப்பட்டபோது, கலைய மறுத்த கூட்டத்தினருக்காக இறுதியாக ஒலித்ததும் அப்பாடலே. 2009இல் மூலப்பிரதியொன்று 25,742 பவுணுக்கு ஏலம்போயிற்று. ஒருமுறை விற்ற தட்டு மீண்டும் கைமாறும்போது பாடியவருக்குப் பங்கில்லை. வில்சன் அப்பொழுது உயிருடன் இருந்தார், 2012இலேயே காலமானார்.