பதினாலரையும் பதினைந்தும்



நெய்யாற்றங்கரை அமரவிளையிலிருந்து நெடுஞ்சாலை வழியே தெற்கே சென்றால் பாறசாலை. அதனைக் கடந்தால் களியக்காவிளை. முன்னிரண்டும் கேரளத்தைச் சேர்ந்தவை, பின்னது தமிழ்நாட்டினது. 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன் மூன்றும் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் அடங்கியிருந்தன. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு வேண்டிய தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. எனினும் அது கேரளத்திலேயே நின்றது.

இவ்வழக்கில் 1951-ஆம் ஆண்டின் மக்கட்கணக்கு முக்கியமான சான்றுகளுள் ஒன்று. தாலுகாவில் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே கேள்வி. எல்லை வகுத்த பின்னும் அக்கேள்வி ஓயவில்லை. எக்கோடு கிழித்தாலும் அதன் இருபுறமும் சிறுபான்மையர் இருப்பரன்றோ? மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் தந்த அறிக்கையை ஒட்டி, மத்திய அரசு 1956-இல் அவர்களுக்குச் சில பாதுகாப்புகளை வகுத்தது. ஒரு வட்டாரத்தில் சிறுபான்மை மொழியினர் நூற்றுக்கு 15 முதல் 20 வரை இருப்பின், முக்கியமான அரசாங்க அறிவிப்புகளை அவர்தம் மொழியிலும் வெளியிடுதல் அவற்றுள் ஒன்று.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,000 பேர் வாழும் ஊரொன்றில் தமிழர் 290 பேர் எனக் கொள்வோம். சதவிகிதம் 14.5. பள்ளியில் கற்ற முறைப்படி அரையை மேலேற்றினால் 15. அறிவிப்பு தமிழில் வரும். இன்று புள்ளியியலுக்குப் பயன்படும் 'ஆர்', 'பைத்தான்' என்னும் கணிப்பொறி மொழிகளில் 'ரவுண்டு' என்னும் கட்டளையிட்டால் விடை 14. அவை சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்கே கொண்டு செல்லும். அறிவிப்பு வாராது. ஊரும் மாறவில்லை, மக்களும் மாறவில்லை. முழுமையாக்கும் முறை மட்டுமே மாறிற்று. உண்மையோ இவ்விரண்டும் அன்று: 15-ஐ எட்ட இன்னும் பத்துப் பேர் வேண்டும் என்பதே அது.

ஆதலால் தேர்ந்தோர் ஒரு நெறியைக் கைக்கொள்வர். எண்ணைச் சேமிக்கும்போது முழுமையாக்குவதில்லை. தசமப் பகுதியோடு அப்படியே வைத்து, வரம்போடு ஒப்பிடுவதையும் அந்த எண்ணைக் கொண்டே செய்வர். அச்சிடும்போது மட்டும் இத்தனை தசம இடங்கள் எனத் தாமே குறிப்பர். அதனைக் கருவியின் விருப்பத்துக்கு விடார். அப்போது மாறுவது தோற்றமே. மூல எண் குலையாது. சுருக்கிய எண்ணையே சேமித்துவிட்டாலோ, இழந்த அரை பின்னர் எந்தக் கட்டளைக்கும் மீளாது. சதவிகிதத்தின் அருகே 2,000-இல் 290 என்னும் மூலத் தொகையையும் எழுதுதல் இன்னும் நன்று. ஐயுற்றவர் தாமே வகுத்துப் பார்க்கலாம்.

அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறுங்கணக்கன்று. நம் தெருவுக்குரிய சதவிகிதம் எங்கேனும் அச்சாகிக் காணின், அது எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்போமாக. அரை என்று தள்ளப்படுவதில் பத்துப் பேர் நிற்கலாம்.