பல்செயலிக் கணினியும் லினக்சும்

1996இல் வெளியான லினக்சு 2.0 பதிப்பே முதன்முதலாகப் பல செயலிகளை ஏற்றது. ஆயினும் அதன் கருனிக்கு (கர்னல்) ஒரே பூட்டு. ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றவை காத்திருந்தன. எனவே செயலிகள் கூடிய அளவுக்கு வேகம் கூடவில்லை. அப்பூட்டு படிப்படியாகச் சிறு பூட்டுகளாக்கப்பட்டு, 2011 மே மாதம் 2.6.39 பதிப்பில் முற்றிலும் நீங்கியது.

அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சு, விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களின் கைக்கும் அதன்வழி வந்தது.

பூட்டு நீங்கினால் மட்டும் போதாது. வேலையும் பிரிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கைப் பிரிக்க இயலாவிடில், எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் ஐந்து மடங்கைத் தாண்டாது. இது 1967இல் ஆம்டால் முன்வைத்த கருத்தின் சாரம்.