எம்டிபி சைக்கிளில் அப்கிரேடு: எதை முதலில் மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

வாரம் முழுக்க லேப்டாப், ஞாயிறு காலை மட்டும் மண் பாதை. பெங்களூரு புறநகரிலும் புனேயின் குன்றுகளிலும் இப்படி மவுன்டன் பைக் ஓட்டுபவர்களில் பலர் வைத்திருப்பது, 20 ஆயிரம் முதல் 35 ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய சைக்கிள்தான். ஆறு மாதம் ஓட்டியதும் அந்தக் கேள்வி வந்துவிடும்: கியரை மாத்தலாமா, ஷாக்கை மாத்தலாமா?

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அப்கிரேடில் பணம் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் விலை அல்ல. வாங்கிய பாகம் பொருந்தாமல் போவதும், அதைப் பொருத்துவதற்காக இன்னும் மூன்று பாகங்கள் வாங்க வேண்டி வருவதும்தான்.

கியர்: ஒரு சின்ன கணக்கு

21 கியர் சைக்கிளில் பரவலாக இருக்கும் அமைப்பு இது: முன்னால் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள், பின்னால் 14 முதல் 28 பற்கள் வரை ஏழு சக்கரங்கள். மேடு ஏற முன்னால் 24, பின்னால் 28 போடுவீர்கள். 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 0.86 சுற்று. இந்த எண் குறையக் குறைய ஏற்றம் லேசாகும்.

இப்போது எல்லோரும் ஆசைப்படுவது 'ஒன் பை' அமைப்பு: முன்னால் ஒரே சக்கரம், பின்னால் பெரிய கேசட். முன்னால் 32, பின்னால் 11-42 கொண்ட 1x9-ஐ எடுத்துக்கொள்வோம். 32-ஐ 42-ஆல் வகுத்தால் 0.76. முன்பைவிட லேசுதான்.

ஆனால் பழைய அமைப்பில் பின்னால் இருக்கும் 14-28 ஃப்ரீவீலை மட்டும் 14-34 ஆக மாற்றினால்? 24-ஐ 34-ஆல் வகுத்தால் 0.71. சுமார் ஆயிரம் ரூபாய் செலவில், பத்தாயிரத்தை எளிதில் தாண்டக்கூடிய 1x9-ஐ விட லேசான கியர் கிடைத்துவிடுகிறது! பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஷிமானோ டூர்னியின் பல மாடல்கள் தாங்கும். செயினின் நீளம் போதாவிட்டால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அப்போ 1x9 வேஸ்டா? இல்லை. முன் டீரெய்லரே இல்லாததால் ரிப்பேர் குறையும். கிளட்ச் உள்ள டீரெய்லர் என்றால் கரடுமுரடான இறக்கத்தில் செயின் கழன்று விழுவதும் குறையும். அந்த நிம்மதிக்காக வாங்கலாம். மேடு ஏறுவதற்காக மட்டும் என்றால் ஃப்ரீவீலே போதும்.

ஃப்ரீவீலா, கேசட்டா?

1x9-க்குப் போவதற்கு முன் தெரிந்தாக வேண்டிய விஷயம் இது. விலை குறைந்த சைக்கிள்களில் பின் பல்சக்கரத் தொகுதி ஹப்பில் மரைபோட்டு முறுக்கப்பட்டிருக்கும். அது ஃப்ரீவீல். கேசட் அப்படி அல்ல, ஃப்ரீஹப்பின் பள்ளங்களில் செருகப்பட்டு, மேலே ஒரு வளையத்தால் பூட்டப்படும். ஃப்ரீவீல் ஹப்பில் கேசட் ஏறாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஹப்பை, நடைமுறையில் பின்சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். பின்சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் டூல் பொருந்தும் வெட்டுகளும் சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, வெட்டுகள் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

8, 9, 10 ஸ்பீடு கேசட்டுகள் பெரும்பாலும் ஒரே வகை ஃப்ரீஹப்பில் பொருந்தும். ஷிமானோ டியோர் 12 ஸ்பீடுக்கு மைக்ரோஸ்ப்லைன் என்ற வேறு வகை வேண்டும். ஷிஃப்டரையும் டீரெய்லரையும் ஜோடியாக வாங்குங்கள். ஷிமானோ, ஸ்ராம் இரண்டையும் கலந்தால் கியர் சரியாக விழாது. 2023-ல் வந்த ஷிமானோ கியூஸ், பழைய ஷிமானோ ஷிஃப்டரோடுகூட ஒத்துப்போகாது.

டயர்: காசு செலவில்லாத அப்கிரேடு

பெட்ரோல் பங்கில் டயர் கல் மாதிரி ஆகும்வரை காத்தடித்துவிட்டு, 'ஷாக் சரியில்ல, கை வலிக்குது' என்று சொல்பவர்கள் உண்டு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. அவ்வளவு அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 70 கிலோ எடையுள்ளவர் 2.2 அங்குல டயரில், டியூபோடு, மண் பாதைக்கு 28-30 பிஎஸ்ஐ-யில் தொடங்கிப் பார்க்கலாம். முன்டயரில் ஓரிரு பிஎஸ்ஐ குறைவாக வையுங்கள். ரிம் தரையில் இடித்தால் கொஞ்சம் கூட்டுங்கள். அளவுமானியோடு ஒரு ஃப்ளோர் பம்ப், இந்தப் பட்டியலிலேயே அதிகப் பலன் தரும் செலவு.

புது டயர் வாங்கும்போது 27.5, 29 என்பதோடு நிறுத்தாமல், டயரில் உள்ள மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள். 26 அங்குலத்துக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. இது சரியாக இருந்தால் டயர் ரிம்மில் உட்காரும். அகலமான டயருக்கு ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் சேறு சேரவும் இடம் வேண்டும்.

பிரேக்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

நீண்ட இறக்கத்தில் கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கின் குறை தெரியும். விரல் வலிக்க வலிக்கப் பிடித்தாலும் வண்டி நிற்காது. பல மலிவு மாடல்களில் ஒரு பக்கத்துப் பேட் மட்டும்தான் நகரும், அது தேயத் தேய நாமேதான் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராலிக்கில் அந்தத் தேய்மானம் தானாகச் சரியாகும், ஒரு விரலே போதும். ஷிமானோ எம்டி200 போன்ற அடிப்படை செட்டே பெரிய வித்தியாசம் தரும்.

மூன்று எச்சரிக்கைகள். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் மாட்டும் இடம் இல்லையென்றால் இதை மறந்துவிடுங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். டாட் திரவம் ஊற்றினால் உள்ளே சீல் கெட்டுவிடும். ரோட்டரில் 'ரெசின் பேட் மட்டும்' என்று எழுதியிருந்தால் மெட்டல் பேட் போடாதீர்கள்.

செயினுக்கு ஆயில் ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பேட் பாழாகலாம். பிரேக் சரியில்லை என்று புது செட் வாங்கப்போகும் முன், பேடை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஷாக்: ஆசை அதிகம், பொருத்தம் குறைவு

மலிவு சைக்கிளின் ஸ்பிரிங் ஃபோர்க், ஓட்டுபவர் 55 கிலோவா 90 கிலோவா என்று கவலைப்படாது. ஏர் ஃபோர்க்கில் நம் எடைக்கு ஏற்பக் காற்றை மாற்றலாம், எடையும் குறைவு. அதனால் ஆசை நியாயமானதே.

சிக்கல் மூன்று இடத்தில். ஒன்று, ஹெட் டியூப். பல பழைய, மலிவு ஃபிரேம்களில் ஸ்டியரர் மேலிருந்து கீழ்வரை ஒரே 28.6 மி.மீ. இன்றைய நல்ல ஃபோர்க்குகளில் பல கீழே 1.5 அங்குலத்துக்கு அகலமாகும் டேப்பர்டு வகை. இரண்டு, அச்சு. புது ஃபோர்க் 15 மி.மீ. த்ரூ ஆக்சில் கேட்டால், 9 மி.மீ. க்விக் ரிலீஸ் அச்சுள்ள பழைய முன்சக்கரம் உதவாது. மூன்று, நீளம். 100 மி.மீ. டிராவலுக்கு வடிவமைத்த ஃபிரேமில் 140 போட்டால் முன்பக்கம் உயரும், ஹேண்டில் திரும்பும் விதம் மாறும், ஹெட் டியூபில் சுமை கூடும். 20 மி.மீ. கூடினாலே ஹெட் ஆங்கிள் சுமார் ஒரு டிகிரி சாயும். நிறுவனம் சொல்லும் அளவைத் தாண்டினால் வாரன்டியையும் மறந்துவிட வேண்டியதுதான்.

என் கருத்தைக் கேட்டால்: ஃபோர்க், முன்சக்கரம், பின்சக்கரம் மூன்றையும் மாற்ற வேண்டிய நிலை வந்தால், கணக்கை நிறுத்திவிட்டு சைக்கிளை விற்றுவிடலாம். டேப்பர்டு ஹெட் டியூப், ஃப்ரீஹப், ஹைட்ராலிக் பிரேக் மூன்றும் உள்ள அடுத்த மாடலைத் தேடுங்கள். ஃபிரேம் இடம் கொடுத்தால் மற்றதை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.

எந்தச் சைக்கிளாக இருந்தாலும் இன்றே வாங்கி வைக்கவேண்டிய ஒன்று டீரெய்லர் ஹேங்கர். பின் டீரெய்லர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, விழுந்தால் முதலில் வளையும்படியே செய்யப்பட்டது. வடிவம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. மணாலி - லே பாதைக்குக் கிளம்புபவர்கள் பையில் இரண்டாகவே போட்டுக்கொள்ளலாம்.