கல்லின் முன் நின்றவர்கள்

அமெரிக்க உணவகங்களின் வரலாற்றைப் படிக்கையில், அவற்றை நிறுவியோரின் பெயர்கள் நமக்கு எளிதில் கிடைக்கின்றன. அடுப்பின் முன் நின்றோரின் பெயர்கள் அரிதாகவே கிடைக்கின்றன. 'ஷார்ட் ஆர்டர் குக்' என்று அங்கு அழைக்கப்படும் சமையல்காரர் அத்தகையவர். முட்டை, ரொட்டி, இறைச்சித் துண்டு, உருளைக்கிழங்கு வறுவல் என விரைவில் ஆகக்கூடியவற்றைக் கேட்டவுடன் சமைத்துத் தருவது அவர் தொழில்.

1872-ஆம் ஆண்டு பிராவிடன்ஸ் நகரில், புகழ்பெற்ற நாவலாசிரியரின் பெயரையே கொண்ட வால்ட்டர் ஸ்காட் என்னும் அச்சகத் தொழிலாளி, குதிரை வண்டியில் இரவு உணவு விற்கத் தொடங்கினார். பிற உணவகங்கள் மூடிய பின்னும் உழைத்துக்கொண்டிருந்த செய்தித்தாள் ஊழியர்கள் தெருவில் நின்றபடி உண்டனர். 1887-இல் வூஸ்டர் நகரின் சாமுவேல் ஜோன்ஸ், உள்ளே ஏறி நின்று உண்ணத்தக்க வண்டியை அமைத்தார். காலப்போக்கில் வண்டி ஓரிடத்தில் நிலைபெற்றது. நீண்ட மேடையும் உயர்ந்த இருக்கைகளும் கொண்ட 'டைனர்' பிறந்தது.

அங்கே பலருக்கும் ஒரே கல்தான். நம் உணவகத்துத் தோசைக்கல்லை ஒத்த அந்த இரும்புத் தகட்டில் எங்கே சூடு மிகுதி, எங்கே குறைவு என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மஞ்சள் கரு உடையாத முட்டை. அடுத்தவருக்குத் திருப்பிப் போட்டது. எதை முதலில் இட்டால் எல்லாம் ஒருசேர ஆகும் என்ற கணக்கை மனமே போட வேண்டும். பரிமாறுவோர் உரக்கச் சொல்லும் குறிப்புகளுக்கெனத் தனி மொழியே உருவாயிற்று. 'தெப்பத்தின் மேல் ஆதாமும் ஏவாளும்' என்றால் ரொட்டியின் மேல் இரண்டு முட்டைகள். 'சிதைத்துவிடு' என்று சேர்த்தால் அவை கிளறிய முட்டைகள்.

இத்தொழிலாளி இலக்கியத்திலும் தென்படுகிறார். 1927-இல் வெளிவந்த ஹெமிங்வேயின் 'தி கில்லர்ஸ்' சிறுகதை ஒரு சிற்றுணவகத்தில் நிகழ்கிறது. மேடையில் நிற்பவர் வெள்ளையர்; சமையற்காரர் சாம் கறுப்பினத்தவர். சமைத்த உணவு சிறு திறப்பின் வழியே வெளியே வருகிறது. சமைத்தவர் உள்ளேயே இருக்கிறார்.

1948-இல் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தம் உணவகத்தைச் சில மாதங்கள் மூடி, உணவு வகைகளை ஒன்பதாகக் குறைத்து, மீண்டும் திறந்தனர். ஒருவர் இறைச்சியை மட்டும் சுட்டார். மற்றொருவர் வறுவலை மட்டும் கவனித்தார். விலை குறைந்தது, வேகம் கூடியது. ஆனால் ஒரே மனிதரின் நினைவிலும் கையிலும் இருந்த திறன் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. பல பண்டங்களையும் அறிந்த ஒருவர் அங்கே தேவைப்படவில்லை.

திறனை இழந்தது ஒரு கதை. இருக்கை மறுக்கப்பட்டது மற்றொன்று. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்து வுல்வொர்த் கடையில், உணவு மேடைக்குப் பின்னால் கறுப்பினத்தவர் வேலை செய்யலாம். ஆனால் அதன் முன் அமர்ந்து உண்ணக் கூடாது. 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் அங்கே அமர்ந்து காப்பி கேட்டனர். மறுக்கப்பட்டும் எழவில்லை. மறுநாள் மேலும் சிலர் வந்தனர். போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின், ஜூலை 25 அன்று, கடை பணிந்தது. அன்று அம்மேடையில் முதன்முதலாக அமர்ந்து உண்ட கறுப்பினத்தவர் அக்கடையின் ஊழியர்களே. சீருடையைக் களைந்து சாதாரண உடையில் வந்து, தாம் நாள்தோறும் பணிபுரிந்த மேடையின் மறுபக்கத்தில் அமர்ந்தனர்.

அம்மேடையின் ஒரு பகுதியை, நான்கு இருக்கைகளுடன், வாஷிங்டன் அருங்காட்சியகம் பாதுகாத்து வருகிறது. அவ்விருக்கைகளைக் காணும்போது மாணவர்களை நாம் நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். மேடைக்கு அப்பால் கல்லின் முன் நின்று, பிறர் பசியாற்றியும் அங்கே அமர இயலாதிருந்தவர்களையும் உடன் நினைத்தால்தான் அந்த வரலாறு நமக்கு முழுமையாகும்.