இமயத்தின் குறைந்த இழுப்பு

1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்திய முக்கோணவியல் அளவை, வடக்கே ஒரு புதிரில் முட்டியது. கல்யாண்பூருக்கும் இமயத்துக்கு நெருங்கிய கலியானாவுக்கும் இடையிலான அட்சரேகை வேறுபாடு நில அளவையில் ஒன்றாகவும் விண்மீன் நோக்கில் வேறாகவும் வந்தது. முரண் 5.236 கோண விநாடி. விண்மீன் நோக்கில் செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டை இமயம் தன் பக்கம் இழுத்ததா? கல்கத்தாவில் திருச்சபைப் பணியிலிருந்த ஜான் பிராட் கணக்கிட்டபோது 15.885 விநாடி வந்தது. அதாவது, மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கே இழுத்திருந்தது.

1855இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி அருமையான விளக்கம் தந்தார்: நீரில் மிதக்கும் மரக்கட்டை போல, மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை ஆழமாக அமிழ்ந்திருக்கிறது. அடர்த்தியே இடத்துக்கிடம் மாறுகிறது என்பது பிராட்டின் பிற்கால விளக்கம்.

1865 முதல் அதே அளவைப் பணியைச் சேர்ந்த பசெவி ஊசல்களுடன் நாடெங்கும் ஈர்ப்பை அளந்தார். ஊசல் தரும் எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. உயரம் கூடினால் ஈர்ப்பு குறையும். எனவே மீட்டருக்கு ஏறத்தாழ 0.3086 மில்லிகால் (ஈர்ப்பு முடுக்கத்தின் சிறு அலகு) கூட்டி, கடல்மட்டத்துக்கு மேலுள்ள பாறையின் இழுப்பைக் கழிக்க வேண்டும். பின்னதற்கு வழிகாட்டியவர் ஆண்டீஸ் மலைகளில் ஆய்ந்த பியர் பூகே. இவ்வாறு திருத்தியபின் லடாக்கின் மோரே சமவெளியில் ஈர்ப்பு பெரிதும் குறைவாக இருந்தது. அங்கேயே 1871இல் பசெவி இறந்தார். மலையடியில் நிறை குறைவு என்பதற்கு அவரது அளவீடு வலுவான சான்றானது.